‘முதல்’ என்ற சொல் நின்ற இடம்

மின்தூக்கியில் இன்னும் அந்தத் தைல வாசம் நிற்கிறது. உம்முடைய மகள் போய் நான்கு நாளாகிவிட்டது. நோர்வேயில் புருசெத் என்ற இந்த இடத்தில் எங்கள் கட்டடத்துக்கு எட்டு மாடி. மீன் பொரித்த வாசம், சாம்பிராணி, மழையில் நனைந்த நாய், எதுவும் அந்தப் பெட்டிக்குள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தங்காது. இது மட்டும் தங்கிவிட்டது. அல்லது அது எப்போதோ போய்விட்டது, என் மூக்கில்தான் நிற்கிறது. எது சரி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மனைவியிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது. ஒரு வாசமும் இல்லை என்று அவ சொல்லிவிட்டால் என்ன செய்வது?

குளிர் தொடங்கினால் நீர் நெஞ்சிலும் காதுக்குப் பின்னாலும் பூசும் அதே தைலம். சின்னப் பச்சைக் குப்பி. “இந்தோனேசியாவிலை பிறந்த பிள்ளைக்கும் இதுதான், சாகக் கிடக்கிறவருக்கும் இதுதான் அண்ணை” என்பீர். கார்த்திகையில் உம்மை எரித்து, சாம்பலை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தோம். பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை மின்தூக்கியின் கதவைத் திறந்தால் உம்முடைய வாசம் முகத்தில் அடிக்கிறது. எனக்கு எழுபத்தாறு வயது. பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கால் உள்ளே போக மறுத்தது.

உள்ளே ஓர் இளம் பெண் நின்றாள். உம்முடைய நெற்றி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஓம்?” என்று கேட்டாள்.

“ஓம்” என்றேன்.

அவள் கேட்டது வேறு, நான் சொன்னது வேறு. வயதில் மூத்த ஆணை, மாமா என்ற பொருளில், இந்தோனேசியர்கள் ‘ஓம்’ என்று கூப்பிடுவார்கள் என்று நீர் எத்தனை தரம் சொல்லியிருப்பீர். மேடான் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த புதிதில், ஊரோடு தொலைபேசியில் ‘ஓம், ஓம்’ என்று கதைத்தபடி நீர் தெருவில் நடக்க, எதிரே வந்த கிழவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறீர் என்று நின்றுவிட்டார்களாம். “ஒரு கிழமையிலை மூண்டு மாமாமார் சேர்ந்திட்டினம் அண்ணை. ஒருத்தர் சிகரெட்டும் தந்தவர்.” இவ்வளவும் தெரிந்த நான் ஆமாம் என்ற பொருளில் ஓம் என்று சொல்லிவிட்டு நின்றேன். அதுவும் அவளுக்குச் சரியான பதிலாகத்தான் இருந்தது.

மெலாத்தி. பெயரை நீர்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னீர், மல்லிகை என்று. ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்தில் தாதி வேலை படிக்கிறாள். உம்முடைய இறுதிக் கிரியை நடந்தபோது அவள் இன்னும் மேடானில் இருந்தாள், வர விசா கிடைக்கவில்லை. இப்போது நாலாம் மாடியில் உம்முடைய வீட்டை ஒழித்துக் கொடுப்பதற்காக மூன்று நாள் வந்திருந்தாள். அலுமாரியில் ஒரு நீலக் கோப்பு கிடைத்ததாம். அதில் நோர்வேஜிய மொழியில் கடிதங்கள் இருக்கின்றனவாம். தனக்கு ஜெர்மன் தெரிந்ததால் அங்கொரு சொல் இங்கொரு சொல் விளங்குகிறது, நாலு மணிக்குக் கொண்டு வருகிறேன், வாசித்துச் சொல்வீர்களா என்று கேட்டாள்.

அந்த நீலக் கோப்பை எனக்குத் தெரியும். அதில் உள்ள ஒரு கடிதத்தில் ஒரு வரியை ஒன்பது வருடத்துக்கு முன் உமக்கு வாசிக்காமல் விட்டேன். அந்த வரி இல்லாமலே நீர் செத்துப் போனீர். இனி உம்முடைய மகளுக்கும் அதை விட்டு வாசிப்பேனா என்பதுதான் அன்று காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை எனக்கு இருந்த கேள்வி. மறைக்காமல் எழுதுகிறேன்: விட்டு வாசிக்கத்தான் முதலில் தீர்மானித்தேன்.

நாம் பழகியது கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள துணி துவைக்கும் அறையில். சுவரில் நேர அட்டவணைப் பலகை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பூட்டு. எந்த நேரம் வேண்டுமோ அந்தத் துளையில் பூட்டைக் கொழுவ வேண்டும். நான் செவ்வாய் காலை எட்டு முதல் பத்து வரை. உமக்குப் பத்து முதல் பன்னிரண்டு. முதியோர் இல்லத்துச் சமையலறையில் உமக்குப் பின்னேர வேலை. நீர் எப்போதும் அரை மணி முந்தி வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து, மகளோடு தொலைபேசியில் கதைப்பீர். நான் நூலகத்தில் நூற்பட்டியல் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்து அதற்கு ஒரு பயனும் காணாதவன். ஒட்டுக்கேட்பது தவறு என்று தெரிந்தும் கேட்டேன். மூன்றாவது செவ்வாயில், “அது என்ன பாஷை?” என்றேன்.

“பாஷைதான் அண்ணை. அவையளும் பாஹாசா எண்டுதான் சொல்லுறவை” என்றீர்.

அப்படித் தொடங்கியது. நீர் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். படகில் போய்ப் பிடிபட்டு, அந்த நாட்டில் பல வருடம் காத்துக் கிடந்து, சந்தையிலும் சாப்பாட்டுக் கடையிலும் அந்த மொழியைப் பொறுக்கி எடுத்தவர். நான் அதை உம்மிடமிருந்து பொறுக்கி, பழைய நூற்பட்டியல் அட்டைகளில் எழுதினேன். ஓர் அட்டைக்கு ஒரு விதி. ‘ருமா பெசார் இத்து’. வீடு, பெரிய, அந்த. நம்முடைய ‘அந்தப் பெரிய வீடு’ கண்ணாடியில் தெரிவது போல. தமிழில் அடைகள் எல்லாம் முன்னே வந்து வரிசையில் நின்று, கடைசியில்தான் பெயர் வரும். அங்கே பெயர் முதலில் வந்துவிடும், மற்றவை பின்னால் இழுபடும். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. கணக்குப் போல் இருந்தது. ‘இத்து’வை மட்டும் நடுவில் வைத்து ‘ருமா இத்து பெசார்’ என்றால் அந்த வீடு பெரியது என்று வசனமே முடிந்துவிடும். “இத்து எண்டா கதவைச் சாத்தினமாதிரி. அதுக்குப் பிறகு உள்ளுக்கு ஒருத்தரும் வரேலாது” என்றீர். எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக எழுதியிருக்கவில்லை.

கணவனுக்கு அங்கே ‘சுவாமி’ என்று சொல்வதைக் கேட்டு என் மனைவி சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா? “அங்கை பெண்சாதிமார் புருசனைச் சுவாமி எண்டுதான் சொல்லினம் அக்கா” என்று நீர் பெருமையாகச் சொல்ல, அவ உடனே, “அப்ப அந்தச் சுவாமி துவைச்ச உடுப்பைத் தானே மேலை கொண்டு வரட்டும்” என்றா. உம்முடைய கூடையையும் சேர்த்து நான்தான் தூக்கினேன்.

அந்த அட்டைகளில் ஒன்றுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ‘யாங்’ என்ற சொல்லைப் பற்றிய அட்டை. அது நம்முடைய பெயரெச்சம் போல ஒரு பெயருக்கு விவரம் சேர்க்கும் சொல். ‘யாங் பெர்த்தாமா’ என்றால் முதலாவதான. பிரதமம் என்ற வடசொல்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. இரண்டு மூன்று பெயர்கள் அடுத்தடுத்து நின்று, கடைசியில் ‘யாங்’ வந்தால் அது எந்தப் பெயரைப் பிடிக்கும்? உம்மிடம் பத்து எடுத்துக்காட்டுக் கேட்டேன். பார்த்து, என் நேரான கையெழுத்தில் எழுதினேன்: ‘யாங் தனக்கு மிக அருகில் உள்ள பெயரையே பற்றும்.’

நீர் அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்தீர். “அப்பிடி இல்லை அண்ணை. கதைக்கேக்கை எங்கை மூச்சு விடுகினம் எண்டதைப் பொறுத்தது.”

மூச்சை அட்டையில் எப்படி எழுதுவது? நான் அட்டையை மாற்றவில்லை.

அடுத்த தையில் நீர் ஒரு பக்கக் கடிதத்துடன் வந்தீர். மனைவியையும் மகளையும் இங்கே எடுப்பதற்கான விண்ணப்பம். அரச மொழிபெயர்ப்பாளர் பார்க்க வேண்டிய பத்திரங்களை ஏற்கனவே கொடுத்தாயிற்று. ஆனால் அவற்றால் பெரிய உதவி இல்லை. கடதாசி இல்லாத ஆள் என்பதால் அங்கே உம்முடைய கலியாணத்தைப் பதிய முடியவில்லை. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இல்லை. ஆகவே, இவள் யாருடைய பிள்ளை என்று தாய் தன் கையால் எழுதிய அந்தப் பக்கம்தான் எல்லாம். அதை நோர்வேஜிய மொழியில் ஆக்கித் தரச் சொன்னீர். வேலைக்குப் பிந்திவிட்டது என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டே, “நீங்கள் பார்த்தால் காணும் அண்ணை” என்று சொல்லிவிட்டு ஓடினீர்.

அதில் ஒரு வசனம். ‘டியா அனாக் சுவாமி சாயா யாங் பெர்த்தாமா.’ அவள், பிள்ளை, கணவன், என்னுடைய, முதலாவது.

இதைத் தமிழில் இரண்டு விதமாகச் சொல்லலாம். என் கணவரின் முதல் பிள்ளை. அல்லது, என் முதல் கணவரின் பிள்ளை. தமிழில் ‘முதல்’ என்ற சொல் எந்தப் பெயருக்கு முன்னால் நிற்கிறதோ அதற்கு உரியது, குழப்பமே வராது. அந்த மொழியில் அது கடைசியில் நின்றது. நான் அட்டையைப் பார்த்தேன். மிக அருகில் உள்ள பெயர் சுவாமி. என் முதல் கணவரின் பிள்ளை.

திடுக்கிட்டேன். அப்படியென்றால் உமக்கு முன் அவவுக்கு ஒரு கணவன் இருந்திருக்கிறான். இந்தப் பிள்ளை அவனுடையது. நீர் அதை யாருக்கும் சொல்லாமல், உம்முடைய பிள்ளை என்று வளர்க்கிறீர். உம்மேல் எனக்கு மதிப்புக் கூடியது. அதை உம்மிடம் கேட்பது நாகரிகம் இல்லை என்று பட்டது. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நான் கூச்சப்பட்டேன். கூச்சத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்து, மொழிபெயர்ப்பைச் சுத்தமாக எழுதி, அடியில் என் பெயரையும் போட்டேன்.

வைகாசியில் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உமக்கு நோர்வேஜியம் பேச வரும், அப்படிப்பட்ட கடிதங்கள் வாசிக்க வராது. எங்கள் குசினி மேசையில் இருந்து வாசித்துச் சொன்னேன். விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. தாயும் பிள்ளையும் தூதரகத்துக்கு அழைக்கப்படுவார்கள். அடுத்த வரி இது: பிள்ளையின் தகப்பன் நீங்கள் என்று நீங்கள் எழுதியிருக்க, தாய் தன் முதல் கணவர் என்று எழுதியிருப்பதால், இது பற்றி விளக்கம் தேவை.

அந்த வரியில் நின்றேன். உம்முடைய இரகசியத்தை என் மனைவியின் முன்னால் எப்படி உரக்க வாசிப்பது? தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். வாசித்து முடித்த பிறகுதான், சுற்றி வளைத்து, பிள்ளை பிறந்த நேரம் நீர் எங்கே இருந்தீர் என்று கேட்டேன்.

“என்ரை கையிலைதான் அண்ணை பிறந்தது” என்றீர். “வெள்ளம். வாகனம் ஒண்டும் வரேல்லை. பக்கத்து வீட்டு மனிசிதான் கொடி அறுத்தவ. எனக்குக் கை நடுங்கின நடுக்கத்திலை, பிள்ளையைப் போட்டிடுவன் எண்டு பேச்சு வேறை.” மனைவியைப் பார்த்து, “எனக்கும் முதல், அவவுக்கும் முதல், ரெண்டு பேருக்கும் ஒண்டும் தெரியாது அக்கா” என்று சிரித்தீர்.

என் கையில் கடிதம் இருந்தது. வாசிக்காத வரி பெருவிரலுக்கு மேலே இருந்தது. இப்போது வாசித்துவிடு என்று எனக்கே சொன்னேன். வாயைத் திறந்தேன். “தேத்தண்ணி ஆறுது” என்றேன்.

பிழைதிருத்தக் கடிதம் எழுதினேன். அதைச் செய்யாமல் இல்லை. நாலு தரம் எழுதி, சொற்களை மாற்றி, பதினெட்டு நாள் கழித்துத் தபாலில் போட்டேன். நாலாவது பிரதிக்கும் முதலாவதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பதினெட்டு நாளுக்குள் அவர்களைத் தூதரகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அங்கே என்ன நடந்தது என்று உமக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. உமக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: உம்முடைய மனைவி தொலைபேசி எடுத்தா, நீ என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியும் என்றா, வைத்துவிட்டா. பிறகு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு கடிதம் எழுதினா. அதற்குப் பிறகு உம்மோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் மட்டும் கதைப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீர் அரை மணி அல்ல, முழுதாக ஒரு மணித்தியாலம் முந்தி வந்தீர். துணி ஒன்றும் கொண்டு வரவில்லை. நான் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணை, நான் என்ன சொன்னனான்?” என்றீர். “எல்லாம் நீங்கள்தானே எழுதினியள். நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ? ஞாபகப்படுத்திப் பாருங்கோ.”

“தெரியேல்லை” என்றேன்.

இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது.  நீர் விரிப்பின் மறு முனையைப் பிடித்துத் தந்தீர். இரண்டு பேருமாக மடித்தோம்.

அதற்குப் பிறகு சொல்லாமல் இருப்பதற்கு ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் கிடைத்தது. அவ கோபம் தணிந்து வருவா. இப்போது சொன்னால் உமக்கு இரத்த அழுத்தம். அலுவலகம் எப்படியும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கும், பிறப்புப் பத்திரத்தில்தான் பெயர் இல்லையே. இந்தக் கடைசிக் காரணம் உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் என்னைத் தின்றது. நான்தான் கெடுத்தேன் என்று முழுதாக நம்பவும் முடியவில்லை, இல்லை என்று நம்பவும் முடியவில்லை. அந்த மொழியை மட்டும் விடாமல் படித்தேன். முதல் கணவனைச் சொல்ல வேண்டுமென்றால் ‘சுவாமி பெர்த்தாமா சாயா’ என்றுதான் அவர்கள் பெரும்பாலும் எழுதுவார்கள் என்று பிறகு ஒரு புத்தகத்தில் கண்டேன். அதற்கும் ஓர் அட்டை எழுதினேன். யாருக்காக எழுதினேன் என்று தெரியாது.

திங்கட்கிழமை நாலு மணிக்கு மெலாத்தி வந்தாள். என் மனைவி அவளைக் கண்டதும் கட்டிப்பிடித்தா. பாஷை பற்றி அவவுக்குக் கவலை இல்லை. தட்டில் வடையை வைத்து, தமிழிலேயே எல்லாம் கேட்டா. நான் அட்டைப் பெட்டியை மேசையில் எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு முதல் தேத்தண்ணி குடுப்பம். இலக்கணம் பேந்து குடுக்கலாம்” என்றா.

மெலாத்திக்குத் தமிழ் தெரியும். தொலைபேசியில் நீர் கொடுத்த தமிழ். சொற்கள் எல்லாம் நம்முடையவை, வரிசை அவளுடையது. “வடை பெரிய இது, நல்லம்” என்றாள். “வீடு அப்பான்ரை சின்னன். சாமான் கனக்க.” மற்ற நாளென்றால் ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருப்பேன்.

பிறகு கோப்பைத் திறந்தாள். அந்தக் கடிதம் மேலேயே இருந்தது. அவளுடைய விரல் நேரே அந்த வரிக்குப் போனது. முதல் கணவர் என்பதற்கு ஜெர்மனிலும் நோர்வேஜியத்திலும் ஏறத்தாழ ஒரே சொல். “ஓம், இது என்ன?” என்றாள்.

நான் தாண்டிப் போக நினைத்திருந்த வரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.  உம்முடைய நெற்றி எனக்கு முன்னால் காத்திருந்தது. அன்று நீர் காத்திருந்த அதே கதிரை. வாசித்தேன். முதலில் நோர்வேஜியத்தில், பிறகு அவளுடைய மொழியில், பிறகு, என் மனைவிக்கும் விளங்க வேண்டும் என்று, தமிழில்.

 அன்று தூதரகத்தில் தான் தாயின் பக்கத்தில் இருந்ததாக அவள் சொன்னாள். பதினாலு வயது. நல்ல சட்டை உடுத்துக்கொண்டு மேடானிலிருந்து வந்திருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், உங்கள் முதல் கணவர் யார் என்று. அம்மா விளங்காமல் சிரித்தா. அவர் மறுபடியும் கேட்டார். அம்மா சிரிப்பதை நிறுத்தினா. பிள்ளை தன்னுடையது அல்ல என்று அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார் என்றுதான் அம்மா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறா. தானும் அப்படித்தான் நினைத்தாளாம். நினைத்துக்கொண்டே ஒவ்வொரு ஞாயிறும் உம்மோடு கதைத்தாளாம்.

“எழுதினது யார்?” என்றாள்.

“நான்.”

தாய் எழுதிய அந்தப் பக்கத்தைக் கோப்பிலிருந்து எடுத்து உரக்க வாசித்தாள். அனாக் சுவாமி சாயா. அங்கே மூச்சு விட்டாள். யாங் பெர்த்தாமா. அவள் வாசித்தபோது அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. நீர் சொன்ன மூச்சு அந்த இடத்தில்தான் இருந்தது.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“இல்லை. என்னட்டைக் கேட்டவர். நான் சொல்லேல்லை.”

“ஏன்?”

பயம் என்று சொன்னேன். வேறு சொல் என்னிடம் இருக்கவில்லை. என் மனைவி என்னைப் பார்க்காமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டா. ஐம்பது வருடத்தில் அவ என்னை அப்படிப் பார்க்காமல் விட்டதில்லை. மெலாத்தி நீலக் கோப்பை மூடிக்கொண்டு மேலே போனாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் வரவில்லை. மேலே சாமான் இழுபடும் சத்தம் கேட்டபடி இருந்தது. புதன் காலை, விமானத்துக்குப் போகும் வழியில், பெட்டியோடு வந்து கதவில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“கோவம் இருக்கு” என்றாள். “கோவம் பெரிய இருக்கு, ஓம். அது பேந்து. இப்ப அம்மாவுக்கு எழுதுங்கோ. கை உங்கடை.”

அவள் நின்றிருக்க, நான் எழுதினேன். நாலு பிரதி எழுத நேரம் இல்லை. உங்கள் காலஞ்சென்ற கணவர் அப்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொன்னவன் நான் என்று எழுதினேன். அவர் என்னிடம் வந்து கேட்டார், நான் மறைத்தேன் என்றும் எழுதினேன். ‘அனாக் பெர்த்தாமா சுவாமி இபு’ என்று எழுதினேன். உங்கள் கணவரின் முதல் பிள்ளை. முதல் என்ற சொல்லைப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மெலாத்தி வாசித்தாள். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினாள். பழைய பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு கைபேசியில் படம் எடுத்து அந்த இடத்திலேயே தாய்க்கு அனுப்பிவிட்டு, கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

வியாழன் பதில் இல்லை. வெள்ளி இல்லை. சனி முழுக்கக் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி திங்கட்கிழமையிலிருந்து சாப்பிட வாங்கோ என்பதற்கு மேல் ஒன்றும் கதைக்கவில்லை. சனி பின்னேரம்தான், “அவர் அண்டைக்கு இந்த மேசையிலை இருந்து சிரிச்சவரெல்லே” என்றா. நான் ஓம் என்றேன்.

இன்று ஞாயிறு. காலையில் மெலாத்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்னவ என்று எழுதி, கீழே தாயின் சொற்களை அப்படியே போட்டிருந்தாள். மூன்றே சொல். ‘டியா அனாக் காமி.’

அவள் எங்கள் பிள்ளை.

அந்த மொழியில் ‘நம்’ என்பதற்கும் ‘எங்கள்’ என்பதற்கும் நம்மைப் போலவே தனித்தனிச் சொல் உண்டு. கேட்பவரையும் உள்ளே சேர்த்தால் ‘கித்தா’. அவரை வெளியே நிறுத்தினால் ‘காமி’. மன்னித்தேன் என்று அவ எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. ‘காமி’ என்று எழுதியிருக்கிறா. அதற்குள் இரண்டு பேருக்குத்தான் இடம். ஒன்று அவ. மற்றது நீர். ஒன்பது வருடத்துக்குப் பிறகு உம்மை உள்ளே எடுத்திருக்கிறா, நீர் அறியமாட்டீர். என்னை வெளியே விட்டிருக்கிறா. அது சரியான இடம்.

பழக்கம் விடவில்லை. ஓர் அட்டையை எடுத்து அந்த மூன்று சொல்லையும் எழுதி, வேறு ஏதாவது விதமாகப் படிக்க முடியுமா என்று பார்த்தேன். மூச்சை அங்கே விட்டும் இங்கே விட்டும் வாசித்தேன்.  எத்தனை தரம் வாசித்தாலும் அதற்கு இரண்டாவது பொருள் வரவில்லை.